கடலில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ராட்டர்டாம் துறைமுகத்தில் கடைசி முறையாக சைன் ஆஃப் செய்துவிட்டுக் கப்பலை விட்டு இறங்கினேன். 2005-இல் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் ஜூனியர் இன்ஜினியராக ஏறியவன், சீஃப் இன்ஜினியராக இறங்கியிருக்கிறேன். இனி சிங்கப்பூரில் கரைவேலை. நான்கு கப்பல்களின் இயந்திரங்கள் என் பொறுப்பு. வாழ்த்தி நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்த வாழ்த்து யார் யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. பெயர்களை எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் தூத்துக்குடி லேத் பட்டறை அண்ணாச்சி. மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலையில்லாமல் நின்றவனை, "சும்மா நிக்காத, கடைசல் பழகு" என்று உள்ளே கூப்பிட்டீர்கள். பித்தளை புஷ் கடைந்து கடைந்து கை காய்த்துப்போனது. ஐந்து வருடம் கழித்து அட்லாண்டிக் நடுவில் கடல்நீர் பம்ப்பின் ஷாஃப்ட் ஸ்லீவ் (சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறை) தேய்ந்துபோய், உதிரியும் இல்லாதபோது, கப்பல் லேத்தில் நானே ஒன்று கடைந்து மாட்டினேன். அன்று இரவே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும் அண்ணாச்சி. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஓராண்டு மரைன் இன்ஜினியரிங் படிப்புக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர் என் அத்தை. படிப்பு முடிந்ததும் ஓர் ஏஜென்ட் "அடுத்த வாரம் கப்பல்" என்று சொல்லிச் சொல்லியே பணத்தை வாங்கிக்கொண்டு எட்டு மாதம் அலையவிட்டார். அந்த எட்டு மாதமும் அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஊர் சீனியர் ஒருவர் என்னை மும்பைக்குக் கூட்டிப்போய் ஒரு கப்பல் கம்பெனி வாசலில் நேராக நிறுத்தினார். அண்ணே, அந்த ரயில் டிக்கெட் காசைக்கூட நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. (இப்போது கிளம்பும் தம்பிகளுக்கு: மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் ஏஜென்ட்டின் ஆர்.பி.எஸ்.எல். எண்ணை, அதாவது ஆள் எடுப்பதற்கான உரிம எண்ணை, கட்டாயம் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் கேட்பதே விதிக்குப் புறம்பு. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.)

நான் பழகியது கேம்ஷாஃப்ட் சுற்றும் எஞ்சின். எரிபொருள் பம்ப்பையும் வால்வையும் நேரத்துக்கு இயக்கும் தண்டு அது. காது வைத்துக் கேட்டாலே எந்த சிலிண்டரில் கோளாறு என்று ஓரளவு பிடிபடும். 2012-இல் ஏறிய புதுக் கப்பலில் கேம்ஷாஃப்டே கிடையாது. எரிபொருளை எப்போது செலுத்துவது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை எப்போது திறப்பது என்பதையெல்லாம் கணினி முடிவு செய்யும். ஹைட்ராலிக் எண்ணெய் அதைச் செய்துமுடிக்கும். செகண்ட் இன்ஜினியராக இருந்தும் அந்தத் திரை முன்னால் எனக்குக் கை ஓடவில்லை. உக்ரைனின் ஒடேசாவிலிருந்து வந்த எலக்ட்ரிகல் ஆபீசர், வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு சர்க்யூட்டாகக் காட்டிக் கொடுத்தார். ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே கொஞ்சம் தடுமாற்றம்தான். பென்சிலால் வரைந்தே புரியவைத்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

2016-இல் சீஃப் ஆனேன். முதல் ஒப்பந்தத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்காக எஞ்சின் ரூம் தொழிலாளியான பிலிப்பைன்ஸ் மோட்டார்மேன் ஒருவரிடம் இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெயைச் சுத்திகரிக்கும் ப்யூரிஃபையரின் சத்தம் மாறியதை அவர் முதல் நாளே கவனித்திருக்கிறார். முந்தின வாரம் எல்லார் முன்னாலும் நான் எரிந்து விழுந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. பேரிங் போன பிறகு, "சீஃப், நேற்றே தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து என் கப்பல்களில் காலை எட்டு மணிக் கூட்டத்தில் கடைசி ரேங்க்தான் முதலில் பேசும், நான் கடைசியில். அணியை நடத்துவது பற்றி அதற்கு மேல் பெரிதாக எதையும் நான் கற்கவில்லை.

அந்தப் பழக்கம்தான் 2020-இல் எங்களைக் காப்பாற்றியது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விதியானது. புது எண்ணெய் ஊருக்கு ஊர் வேறு குணம். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் கலந்தால் கசடாகத் திரிந்துவிடும். இந்தியப் பெருங்கடலில் இரண்டு இரவு ஃபில்டர்கள் அடைத்துக்கொண்டே இருந்தன. வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினோம். ஏறி இரண்டு மாதமே ஆன ஃபோர்த் இன்ஜினியரான ஒரு தங்கை, காலைக் கூட்டத்தில் ஒரு வடிதாளை நீட்டினாள். இரண்டு டேங்க் எண்ணெயையும் கலந்து ஒரு சொட்டு விட்டுக் காயவைத்திருந்தாள். நடுவில் கருவளையம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். கலப்பதை நிறுத்தினோம், ஒரே டேங்கிலிருந்து எடுத்தோம், ப்யூரிஃபையருக்குப் போகும் அளவைக் குறைத்தோம். மறுநாள் மாலை அலாரம் ஓய்ந்தது. தங்கச்சி, அந்தத் தாளை நான் ரிப்போர்ட்டோடு உன் பெயர் போட்டுத்தான் அனுப்பினேன்.

அதே ஆண்டு ஜூலையில் அப்பா போய்ச் சேர்ந்தார். கொரோனாவால் எந்தத் துறைமுகமும் எங்களை இறங்கவிடவில்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் பதின்மூன்று மாதம் இருந்தேன். ஊரடங்கிலும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிய தெருக்காரர்களே, கொள்ளி வைத்த சித்தப்பா மகனே, உங்களுக்கு நான் பட்ட கடன் அடையாது. கப்பலில் செகண்ட் இன்ஜினியர் மூன்று நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். மேல்தள ஆட்களின் தலைவரான போசன், சாப்பாட்டு அறையில் மெழுகுவத்தி ஏற்றி, தகாலோக் மொழியில் ஜெபம் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் நின்றார்கள். அது எங்கள் வழக்கம் என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24 அன்று அந்த ஒடேசா நண்பர் மறுபடியும் என் கப்பலில் இருந்தார். தர்ட் இன்ஜினியர் நோவோரோசிஸ்க்காரர், ரஷ்யர். காலைக் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் தர்ட் இன்ஜினியர் தன் இன்டர்நெட் கார்டைக் கொண்டுவந்து வைத்து, "அவர் வீட்டுக்குப் பேசட்டும், அவருடைய ரவுண்டை நான் போகிறேன்" என்றார். மூன்று வாரம் அப்படியே போனார். உங்கள் இருவருக்கும் நான் தலைவனாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கூட இருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம், துறைமுகம் துறைமுகமாக வேன் அனுப்பி, சிம் கார்டு கொடுத்து, மாதாகோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போன ஸ்டெல்லா மாரிஸ் என்ற கத்தோலிக்கக் கடலோடி நல அமைப்பின் தொண்டர்களுக்கும் நன்றி. முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவிக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: சீஃப் ஆவதற்கான கிளாஸ் ஒன் பரீட்சைக்குச் சென்னையில் ஆறு மாதம் நான் படித்தபோது சம்பளம் கிடையாது. வீட்டை ஓட்டியது அவளுடைய டியூஷன் காசு.

வரும் பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். அண்ணாச்சி பட்டறையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு இடம் கேட்டிருக்கிறேன். கப்பல் இன்ஜினியருக்கான முதல் தகுதித் தேர்வான கிளாஸ் ஃபோரின் ஓரல்ஸுக்கு (வாய்மொழித் தேர்வு) போகப்போகும் நம்மூர்ப் பிள்ளைகள் வாருங்கள். ஒடேசாக்காரரின் பென்சில் நோட்டையும் கொண்டுவருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்