என் மகளுக்கு வந்த கடிதங்களைத் தங்கள் அலுவலகம் சேர்ப்பிக்காமல் வைத்திருந்தது குறித்த புகார்

திருச்சிராப்பள்ளி
02.12.2024

அனுப்புநர்:
மாணவியின் தாயார்,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: முதுநிலைப் படிப்பில் பாடப் பதிவு விதிகள் குறித்துத் தவறான ஆலோசனை வழங்கியதும், பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்களை மாணவிக்குத் தெரிவிக்காததும் – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த பிப்ரவரி மாதம் தங்கள் திருச்சி கிளையில் என் மகளுக்காக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, சேவைக் கட்டணம் ரூ.60,000, அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.10,800 என மொத்தம் ரூ.70,800 செலுத்தினேன். இதில் ரூ.20,000, ‘சேர்க்கைக்குப் பிந்தைய சேவை’ என்ற தலைப்பில் ரசீதிலேயே தனியாகக் காட்டப்பட்டுள்ளது. தரவு அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தந்தீர்கள். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் மே மாதத்திலும், எஃப்-1 என்னும் அந்த மாணவர் விசா ஜூலையிலும் கிடைத்தன. அதுவரை தங்கள் ஊழியர்கள் செய்த வேலையில் எனக்குக் குறையில்லை. விசா நேர்காணலுக்கு அவர்கள் கொடுத்த பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் புகார் செய்வது அதன் பின் நடந்தவற்றைப் பற்றி.

விண்ணப்பம் போடும்போது என் மகளின் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல், அவள் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் கணக்கைத் தங்கள் அலுவலகமே தொடங்கி, கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொண்டீர்கள். எல்லா மாணவர்களுக்கும் இப்படித்தான் செய்கிறோம், ஒரு கடிதமும் தவறாது என்று கிளையில் சொன்னார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அப்போதே எனக்கு அது உறுத்தியது. ஒருவருக்கு வரும் கடிதத்தை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வதாக இருந்தால், அதை அன்றன்றைக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவரையே சேரும் என்பது எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் பையனுக்கும் தெரிந்த பாடம். ஆனாலும், இந்த வேலையில் பழகியவர்கள் தாங்கள் என்று எண்ணிச் சம்மதித்தேன்.

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கையில், ஆகஸ்ட் 7 அன்று, பலமுறை கேட்ட பிறகே அந்தக் கடவுச்சொல் எங்கள் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால், சேர்க்கை உத்தரவும் ஐ-20-உம் தவிர, மே மாதத்திலிருந்து பல்கலைக்கழகம் அனுப்பிய பதினொரு கடிதங்கள் அதில் கிடந்தன. அவற்றில் மூன்று மிக முக்கியமானவை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான சான்று வந்து சேரும்வரை பாடப் பதிவுக்குத் தடை இருக்கும் என்று ஒரு கடிதம் தெரிவித்தது. இளநிலைப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றதைக் காட்டும் இறுதி மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையிட்ட உறையில் வராவிட்டால் இரண்டாம் செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது என்றது இன்னொன்று. புதிய முதுநிலை மாணவர்களுக்கான பாடப் பதிவு ஜூன் மாதமே தொடங்கிவிட்டது, இடங்கள் வேகமாக நிரம்புகின்றன என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றைக்கூடத் தங்கள் அலுவலகம் எங்களிடம் சொல்லவில்லை. தாங்கள் கொடுத்த பயணச் சரிபார்ப்புத் தாளில் ‘தடுப்பூசிச் சான்று – தேவைப்பட்டால்’ என்று ஒரு வரி இருந்ததே தவிர, எந்த ஊசி, எத்தனை தவணை, எப்போதுக்குள் என்ற விவரம் எதுவும் இல்லை.

எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். என் மகளுக்குக் குழந்தைப் பருவத்தில் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி மட்டுமே போட்டிருந்தோம். அந்தக் காலத்து அரசு அட்டவணையில் இருந்தது அதுதான். மே மாதமே தெரிந்திருந்தால் நிதானமாக இரண்டையும் போட்டு அனுப்பியிருப்பேன். ஆகஸ்ட் 9 அன்று முதல் தவணையைப் போட்டுக்கொண்டு 13ஆம் தேதி விமானம் ஏறினாள். வகுப்புகள் 19ஆம் தேதி தொடங்கின. பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் முதல் ஊசியின் சான்றைக் காட்டி, இரண்டாவதற்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகு, 20ஆம் தேதி பதிவுத் தடையைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அதற்குள் முதல் செமஸ்டருக்குரிய கட்டாயப் பாடங்களில் நேரடி வகுப்புக்கான இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன.

இனி, தங்கள் கவுன்சிலர் எழுத்து வடிவில் தந்த ஆலோசனைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 6 தேதியிட்ட வாட்ஸ்அப் செய்தியில், “முதல் செமஸ்டரில் இரண்டு பாடம், ஆறு கிரெடிட் எடுத்தால் போதும், ஒன்றை ஆன்லைனில் எடுத்தால் பகுதிநேர வேலைக்கும் நேரம் கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறார் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). அதை நம்பி, என் மகள் நேரடி வகுப்பில் ஒரு பாடமும் ஆன்லைனில் ஒரு பாடமும் பதிவு செய்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விதிகளின்படி முழுநேர மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு ஒன்பது கிரெடிட் வேண்டும். ஆறு போதும் என்பது, துறையில் உதவியாளர் பணி பெற்று ஊதியத்துடன் வேலை செய்யும் மாணவர்களுக்கு மட்டும் உரிய சலுகை. என் மகளுக்கு அப்படி ஒரு பணி கிடையாது என்பது தாங்களே நிரப்பிய விண்ணப்பத்தில் உள்ளது. விதிப் புத்தகத்தில் ஒரே பத்தியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வாக்கியங்களில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் படித்து ஆலோசனை கூறுவதற்கு ஓர் ஆலோசகர் எதற்கு?

இது பல்கலைக்கழகத்தின் உள்விதியாக மட்டும் இருந்திருந்தால் நானும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 8ஆம் தலைப்பு, 214.2 பிரிவின்படி, எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரப் படிப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால், உடல்நலக் காரணம், தொடக்க காலத்து மொழி அல்லது பாடமுறைச் சிரமம், கடைசிச் செமஸ்டர் என்ற சில காரணங்களுக்காகவே, அதுவும் குறைப்பதற்கு முன்னதாகவே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் பொறுப்பு அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும். பகுதிநேர வேலை அந்தக் காரணங்களில் இல்லை. படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மாணவரின் பதிவை அந்த அலுவலர் செவிஸ் என்னும் கணினிப் பதிவேட்டில் உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் நிலையே பறிபோகும். அந்தப் பதிவேட்டுக்காகத்தான் விசாவுக்கு முன் 350 டாலர் கட்டச் சொல்லி, ரசீதை எங்களிடம் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். கட்டணத்தை நினைவில் வைத்த தங்கள் அலுவலகம், எதற்காக அந்தக் கட்டணம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டது.

22ஆம் தேதி வருகைப் பதிவுக்குச் சென்றபோது, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஓர் அம்மையார் இந்தக் குறையைக் கண்டு சொன்னார். பதறிப்போன என் மகள் அங்கு இரவு நேரம் என்றும் பாராமல் தங்கள் கவுன்சிலரை அழைத்தாள். “இன்னொரு ஆன்லைன் பாடத்தைச் சேர்த்துவிடு, ஒன்பது ஆகிவிடும்” என்றார். அவளும் சேர்த்தாள். ஒரு செமஸ்டரில் ஆன்லைன் பாடங்களில் ஒரு வகுப்பு அல்லது மூன்று கிரெடிட் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும் என்பது அதே 214.2 பிரிவில் உள்ள விதி. ஆக, கூட்டினால் ஒன்பது வந்தாலும், கணக்கில் சேர்ந்தது ஆறுதான். இதை 26ஆம் தேதி அந்த அலுவலகம் சொன்னபோது, அனுமதியின்றிப் பாடம் சேர்ப்பதற்கான கடைசி நாளான 23ஆம் தேதி கடந்துவிட்டிருந்தது. துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, 75 டாலர் தாமதக் கட்டணம் செலுத்தி, 28ஆம் தேதி அந்த இரண்டாவது ஆன்லைன் பாடத்துக்குப் பதிலாக, நேரடி வகுப்பில் காலியாக இருந்த ஒரே பாடமான திட்ட மேலாண்மையில் சேர்ந்தாள். அவளுக்கு இருந்த இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்று இவ்வாறு விருப்பமில்லாமலே போயிற்று. இயற்கை மொழிச் செயலாக்கம் படிக்கப் போன பெண் அவள்.

இந்தக் குழப்பத்தில் வங்கிக் கடனும் மாட்டிக்கொண்டது. கவுன்சிலர் தயாரித்துக் கொடுத்த ஆறு கிரெடிட் கட்டண விவரத்தை வைத்தே வங்கி முதல் தவணையை விடுவித்திருந்தது. மீதி மூன்று கிரெடிட் கட்டணம் உரிய நாளில் சேராவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவள் கணக்குக்குத் தடை விழும் என்பதால், நகையை அடகு வைத்து ரூ.2,30,000 பெற்று அனுப்பினேன். அந்தப் பாடக் கட்டணம் எப்படியும் கட்ட வேண்டியதே. அதைத் தங்களிடம் கேட்பது நியாயமாகாது. வங்கியின் கூடுதல் தவணை வந்து நகையை மீட்ட மூன்று மாதத்துக்கு நான் செலுத்திய வட்டி மட்டும் தங்கள் கணக்கில் வர வேண்டியது.

டிரான்ஸ்கிரிப்ட் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைத் தாங்களே அனுப்பிவிட்டதாக செப்டம்பரில் கிளையில் சொன்னார்கள். தாங்கள் அனுப்பியது, கல்லூரி கொடுத்த உறையைப் பிரித்து, நகலெடுத்துக்கொண்டு, தங்கள் நிறுவன உறையில் போட்டு அனுப்பிய தாள்கள். பிரிந்த உறையில் உள்ளது நகலாகத்தான் கருதப்படும் என்று பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அது சரியான மறுப்பே. மேலும், என் மகள் படித்தது தன்னாட்சிக் கல்லூரி. மதிப்பெண் பட்டியல் கல்லூரியிடமிருந்து வரும், பட்டம் வழங்குவது இணைவு தந்த பல்கலைக்கழகம் என்பதால், பட்டம் பெற்றதைக் காட்டத் தற்காலிகச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு மாணவர்களை ஆண்டுதோறும் அனுப்பும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியிருப்பது வியப்பாக இருக்கிறது. கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை நேரில் சென்று, உறையின் மடிப்பில் கையொப்பமும் முத்திரையும் இட்டு வாங்கி, நான் வேலை பார்த்த துறையின் பன்னாட்டு விரைவு அஞ்சலிலேயே அனுப்பினேன். நவம்பர் 18 அன்று தடை நீங்கியது. அதற்குள் இரண்டாம் செமஸ்டருக்கும் அவள் வரிசையில் கடைசியில் நின்றாள்.

இதையெல்லாம் தங்கள் கிளை மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது, பாடப் பதிவு மாணவரின் சொந்தப் பொறுப்பு, விசா கிடைத்ததும் எங்கள் கடமை முடிந்தது என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் நிபந்தனையைப் படித்துக் காட்டினார். பதிவு மாணவரின் பொறுப்பு என்பதை நானும் மறுக்கவில்லை. பல்கலைக்கழகமும் அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் பொறுப்புக்குரியவளின் கடிதங்கள் ஏன் மூன்று மாதம் தங்கள் வசம் இருந்தன என்ற என் கேள்விக்கு அவரிடம் பதிலில்லை. விசாவோடு கடமை முடிகிறது என்றால், ‘முதல் செமஸ்டர் முடியும்வரை துணை நிற்போம்’ என்று அச்சிட்ட கையேட்டைக் காட்டி, ‘சேர்க்கைக்குப் பிந்தைய சேவை’ என்று தனியாகப் பணம் வாங்கியது எதற்காக என்பதற்கும் பதிலில்லை.

எனவே, சேர்க்கைக்குப் பிந்தைய சேவைக்காகச் செலுத்திய ரூ.20,000, அதற்குரிய வரி ரூ.3,600, தாமதக் கட்டணமான 75 டாலருக்கு ஈடான ரூ.6,300, நகைக்கடன் வட்டி ரூ.5,400, டிரான்ஸ்கிரிப்ட் மறுமுறை பெற்று அனுப்பிய செலவு ரூ.3,150 ஆக மொத்தம் ரூ.38,450-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தும்படி கோருகிறேன். ஆறு கிரெடிட் போதும் என்ற அந்த ஆலோசனை வேறு எந்தெந்த மாணவர்களுக்குத் தரப்பட்டது என்பதைக் கண்டறிந்து, ஜனவரியில் வகுப்பு தொடங்கவிருப்பவர்களுக்கு உடனடியாகத் திருத்தம் அனுப்புமாறும் வேண்டுகிறேன். பணத்தைவிட இது அவசரம். தங்கள் பொறுப்பில் உள்ள மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை அந்தந்த மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுத்து வடிவில் உறுதியும் வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கவனக்குறைவால் இழப்பு ஏற்படுத்துவதோடு, தொடர்புடைய தகவலை நுகர்வோரிடமிருந்து வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. தங்கள் தரப்பில் நடந்தது கவனக்குறைவு என்றே இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன். உரிய பதில் வராவிட்டால், நான் வசிக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிட அச்சட்டம் எனக்கு இடமளிக்கிறது.

கட்டண ரசீது, ஒப்பந்தம், ஆகஸ்ட் 6 வாட்ஸ்அப் செய்தி, திறக்கப்படாமல் இருந்த பதினொரு மின்னஞ்சல்களின் தேதிப் பட்டியல், தாமதக் கட்டண ரசீது, நகைக்கடன் வட்டி ரசீது, கல்லூரி மற்றும் அஞ்சல் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். மூலங்கள் என்னிடம் உள்ளன. இக்கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். தங்கள் கையொப்பத்துடன் அட்டை திரும்பி வரும் நாளிலிருந்து 15 நாள் கணக்கிடப்படும்.

இப்படிக்கு,
மாணவியின் தாயார்