இசை ரசிகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை வயலினுக்கும், தந்தி வாத்தியங்கள் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒதுக்கினோம். கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு மேற்கத்திய இசை எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம்தான் வயலின். நமக்கு அதைப் பெரும்பாலும் பக்கவாத்தியமாகத்தான் தெரியும். அதன் பிறந்த வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்பதே செயற்குழுவின் எண்ணம்.

1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தொகுப்பில் தொடங்கினோம். வசந்தத்தின் மெதுவான பகுதியில் தனி வயலின், தூங்கும் ஆட்டிடையன். மற்ற வயலின்கள் இலைகளின் சலசலப்பு. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, விடாமல் குரைக்கும் நாய். குளிர்காலத்தின் நடுப்பகுதியில் வயலின்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்ட, மழைத்துளி விழுகிறது. இதைக் கேட்ட பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எனக்குச் சிரமமாக இல்லை.

அடுத்து ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டா என்ற பல பகுதித் தொகுப்பில் வரும் 'சக்கோன்'. பக்கத்துணை எதுவும் இல்லாமல் ஒரே வயலின் கால் மணி நேரம் பல குரல்களாகப் பேசுகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1880-இல் தந்தி வாத்தியக் குழுவுக்காக எழுதிய 'செரினேட்' அதற்கு நேர் எதிர். தந்தி வாத்தியக்காரர்கள் எத்தனை பேர் கூடுகிறார்களோ அத்தனைக்கும் தனக்கு மகிழ்ச்சி என்று அவரே ஸ்கோரில், அதாவது இசைப் பிரதியில், குறித்திருக்கிறார். குழலும் இல்லை, முரசும் இல்லை. ஆனாலும் எங்கும் குறையாகத் தெரியவில்லை.

என் மனதில் அதிகம் நின்றது அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ' கேட்ட மாலை. 1936-இல் நால்வர் வாசிக்கும் குவார்டெட்டின் ஒரு பகுதியாக எழுதியதை, அவரே பின்னர் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தார். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் டோஸ்கனினி 1938-இல் அதை வானொலியில் நடத்தினார். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டோம். நால்வர் வாசிக்கையில் வில் திரும்பும் ஒவ்வொரு இடமும் காதில் விழுகிறது. பெரிய குழுவிலோ ஒருவர் வில்லைத் திருப்பும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டே இருக்கலாம். அதனால் ஸ்வரம் மூச்சே விடாமல் நீள்கிறது. அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அன்றைய விவாதமும் நன்றாக இருந்தது. இத்தனை வயலின்கள் சேர்ந்து, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வாசிக்க முடியுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஒருவர் மனோதர்மமாக, தன் கற்பனைப்படி வாசிக்கும் அசைவைப் பலர் சேர்ந்து வாசிப்பது கடினம்; அதை முன்கூட்டியே தீர்மானித்துப் பழக வேண்டும் என்று வயலின் ஆசிரியரான நம் உறுப்பினர் வாசித்தே காட்டினார். ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவின் பலமும் அதன் எல்லையும் அந்த ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டன.

இதைத் தொடர்ந்து இளையோர் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். எல்லோரும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து, தரையில் அமர்ந்து வயலினைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள். இப்போது மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ சுருதி, நாற்காலி, தாடைக்குக் கீழே வயலின் என்று எல்லாமே புதிது. சரி, பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பழகிக்கொள்கிறார்கள். வயோலா இல்லாததால் அந்தப் பகுதியை மூன்றாம் வயலினுக்கு மாற்றி எழுதி வாசிக்கிறோம். ஆனால் வயோலாவின் கனத்த நடுக்குரலை வயலினால் கொடுக்க முடியாது. தாழ்ந்த குரல் தரும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோ இல்லாமல் அடித்தளமும் இல்லை. ஆகவே வரும் ஆண்டில் ஒரு வயோலாவும் ஒரு செல்லோவும் வாங்க உறுப்பினர்கள் மனமுவந்து நன்கொடை தர வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கியைச் சுமந்து வந்த இளைஞர்களுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, நன்கொடைத் தீர்மானத்தையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்