கொஞ்சம் குனிந்தும் பாருங்கள் சார்: மலை ஜீப்புகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழனி மலையில் ஓடும் பழைய ஜீப்புகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கிற, ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வண்டியைச் சோதிக்கிற ஆய்வாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டிகளில் நீங்கள் பார்க்கிற இடம் ஒன்று, பார்க்க வேண்டிய இடம் வேறு. பெயின்ட் புதுசா, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, நம்பர் பிளேட் சரியா, ஹாரன் அடிக்கிறதா, முன்னால் ஏதாவது கம்பி கட்டியிருக்கிறார்களா. எல்லாமே நின்றபடி பார்த்து முடிக்கிற சமாச்சாரம். ஆனால் முப்பது வருஷத்து ஜீப் மலைச் சாலையில் காலை வாருவது, குனிந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படுகிற சாமான்களில்.

உங்களுக்கு இது தெரியாதது இல்லை. காலையிலிருந்து வரிசையில் நிற்கிற அத்தனை வண்டிக்கு அடியிலும் படுத்து எழுந்திருக்க முடியாது என்பதும் எங்களுக்குப் புரிகிறது. இருந்தாலும் இதனால் என்ன ஆகிறது என்றால், எஃப்.சி. தேதி நெருங்கினாலே எங்கள் ஆட்கள் முதலில் ஓடுவது மெக்கானிக்கிடம் இல்லை, பெயின்டரிடம். அன்றைக்கு மட்டும் டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பது ஊரறிந்த ரகசியம். சான்று வாங்கிக்கொண்டு பளபளவென்று மலையேறுகிற அந்த வண்டிக்குள் இருக்கிற பிரேக் ஆயில் என்றைக்கு ஊற்றியது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

ஏன் இந்தக் கிழட்டு வண்டிகளையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்கலாம். தாண்டிக்குடி, பாச்சலூர், கே.சி.பட்டி, ஆடலூர், பன்றிமலை, மேலே பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை வரைக்கும் பஸ் வருகிற சாலை வேறு, தோட்டத்துக்குள் போகிற சாலை வேறு. காப்பி மூட்டையும் மலைவாழைத் தாரும் பூண்டும் ஏறுகிற பாதையில் தார் கிடையாது, மழை பெய்தால் மண்ணும் கிடையாது, வெறும் கல்தான். புது பிக்கப் வண்டிகள் தார்ச்சாலை வரைக்கும் அருமையாக வரும், அதற்கப்புறம் ஃபோர் வீல் வேண்டும், லோ கியர் வேண்டும், அகலம் குறைவான வண்டி வேண்டும். பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது கியர் பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், லோ போட்டால் சக்கரத்தின் வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடும். மூட்டையோடு இறங்கும்போதும் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைக்க வேண்டியதே அபூர்வம். மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்ததிலிருந்து இந்தியாவின் மலையெல்லாம் இந்த வண்டி ஓடியதற்கு முக்கியமான காரணம் அதுதான். எங்களிடம் இருப்பதில் பாதி சி.ஜே. வகை, மீதி எம்.எம். 540.

சரி, பிரேக்குக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, அதில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் கலந்துவிட்டாலே அந்த அளவு 140-க்கு இறங்கிவிடலாம். கீழ்நாட்டில் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. வருஷத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கிற வண்டிக்கு ஆயில் சீக்கிரம் ஈரம் குடிக்கும், அதே வண்டி சுமையோடு வத்தலகுண்டு வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சக்கரத்தில் இருக்கிற பிரேக் டிரம் கொதிக்கும், ஆயில் ஆவியாகி உள்ளே குமிழி கட்டும், பெடலை மிதித்தால் தொளதொளவென்று தரையைத் தொடும். வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி வந்துவிடும். அதனால் கீழே உங்கள் முன்னால் நிற்கும்போது அந்த வண்டி பாஸ். எப்போது ஆயில் மாற்றினாய், மெக்கானிக் பில் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி நீங்கள் கேட்க ஆரம்பித்தால் போதும், அடுத்த வருஷம் எல்லோரும் மாற்றிவிட்டுத்தான் வருவார்கள்.

இன்னொன்று மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புகிற சாமான். பழைய சி.ஜே. ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறை. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தாலும், ஒரு பைப் கல்லில் உரசி ஓட்டையானாலும், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். அது இந்த வண்டிகளில் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் ஒரு சின்ன டிரம்மாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்து ஆயில் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் கசிந்து நேராக அந்த டிரம்முக்குள்ளேதான் போகும். லைனிங் ஊறிப்போய்க் கருப்பாக மின்னும், லீவரை இழுத்தால் கைக்கு நன்றாக இறுக்கமாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது. எங்கள் ஊரில் ஜீப் நின்றதும் பின்னால் இருப்பவர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது பழக்கதோஷம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நீங்கள் லீவர் மேலே வருகிறதா என்று மட்டும் பார்க்கிறீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டுக் காலை எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு எங்கள் மெக்கானிக்குகள் செய்கிற வேலை என்ன தெரியுமா? ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு அறை உள்ள டேண்டம் சிலிண்டரைப் போட்டு, முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று பைப்பைப் பிரித்துவிடுவார்கள். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். சிலர் பொலிரோவின் ஸ்டியரிங் பாக்ஸையும் முன் டிஸ்க் பிரேக்கையும் ஏற்றுகிறார்கள், ஏனென்றால் பழைய ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஒழுங்கான சாமான் தேடிப் புதுப்பேட்டை வரை போனாலும் வெறும் கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. இதெல்லாம் ஆல்டரேஷன் கணக்கில் வருமா வராதா? ஒரு ஆய்வாளர் நல்ல வேலை என்று தட்டிக்கொடுத்தார், இன்னொருவர் கழற்றிவிட்டு வா என்றார். கழற்றிவிட்டு எதை மாட்டுவது, அந்த ஒற்றைச் சிலிண்டரையா?

சட்டம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. சரி. ஆர்.சி.யில் இருப்பது எஞ்சின் எண், சேஸிஸ் எண், பாடி வகை, இருக்கை, எரிபொருள், வீல் பேஸ், எடை இந்த மாதிரி விவரங்கள். மாஸ்டர் சிலிண்டர் அதில் இல்லை. எஞ்சினை மாற்றினால், சேஸிஸை வெட்டி நீட்டினால், டாப்பை எடுத்து வேறு பாடி கட்டினால் பிடியுங்கள், நாங்கள் குறுக்கே வர மாட்டோம். பிரேக்கைக் கூடுதலாகப் பிடிக்க வைக்கிற வேலையையும் கூரையில் லைட் கட்டுகிற வேலையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

கூரை லைட் என்றதும் ஞாபகம் வருகிறது. எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கிற எல்.இ.டி. பட்டையை மாட்டிக்கொண்டு காட் ரோட்டில் வருகிறவர்களை நீங்கள் தாராளமாகப் பிடிக்கலாம். மூடுபனியில் அது மாட்டியவருக்கும் பிரயோஜனமில்லை, வெளிச்சம் திரும்பி அவர் முகத்திலேயே அடிக்கும். முன்னால் கட்டுகிற கம்பி பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கழற்றச் சொல்லிவிட்டது, நடந்து போகிறவர்மேல் பட்டால் எலும்பு தேறாது, அதிலும் வாதமில்லை. ஆனால் சேஸிஸில் போல்ட் போட்டிருக்கிற இழுவைக் கொக்கியைப் பார்த்து அதே கண்டிப்பைக் காட்ட வேண்டாம். சேற்றில் மாட்டிய வண்டிக்கு அதுதான் உயிர்.

அழகுக்காகச் செய்கிற மாற்றங்களில் நீங்கள் நிஜமாகவே பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை. ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாக வெட்டி மாட்டி வண்டியைத் தூக்குவது அதில் ஒன்று. முன் ஆக்சிலின் சாய்வு மாறி, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. 28 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்த டயரை எடுத்துவிட்டு 31 அங்குல பட்டன் டயரை மாட்டினால், ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-இல் போய்க்கொண்டிருக்கும், நிறுத்த வேண்டிய பிரேக் மட்டும் அதே பழைய டிரம். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதற்காக ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் வைப்பதும் அந்த ரகம்தான். வார இறுதியில் மலையேறி வருகிற தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்களும் இதையே செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள்.

அப்புறம் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற பின். என்னைக் கேட்டால் பழைய ஜீப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று உட்கார்ந்திருக்கிற பேரிங் தேய்ந்தால், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் தலையாட்ட ஆரம்பிக்கும், ஸ்டியரிங் கையில் நிற்காது, வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். சரி செய்வது பெரிய செலவு இல்லை. எங்கள் ஊர் மெக்கானிக் மூடியைத் திறந்து, அடியில் இருக்கிற மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி இறுக்கி, இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைக் கழற்றிய நிலையில் அந்த ஆர்மில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுப்பார். முள் எந்த இடத்தில் நிற்கும்போது சக்கரம் நகர ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். லேசாக வந்தால் இன்னொரு தகடு போகும், ரொம்ப இறுக்கமாக இருந்தால் உருவியது திரும்ப உள்ளே வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்வரை விடமாட்டார், நடுவில் டீ வந்தாலும் ஆறிப்போகும். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் ஒரு ஸ்டியரிங் டேம்பரை வாங்கி மாட்டி ஆட்டத்தை அமுக்கிவைத்துக் கொண்டுவருகிற வண்டிகளும் உங்கள் முன்னால்தான் பாஸ் ஆகின்றன. பளபளவென்று புது டேம்பர் தெரிந்தால் பாராட்டாதீர்கள், ஏன் மாட்டினாய் என்று கேளுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஒரே நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்டியரிங் வீல் 30 டிகிரிக்கு மேல் சும்மா ஆடக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 98 இருக்கவே இருக்கிறது, புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

கையில் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கிற இடத்தில் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள், பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இடத்திலும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், பெயின்டுக்கும் புட்டிக்கும் பின்னால் துரு தின்ற இரும்பு சொத்தென்று சொல்லும். எங்கள் மலை ஈரத்துக்கு சேஸிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும்.

புகைச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானல் உயரத்தில், அதாவது 2,100 மீட்டரில், சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினின் பம்ப் கீழே பாஸ் ஆகிற அளவுக்கு டீசலை ஊற்றிக்கொண்டிருந்தால், மேலே போனதும் எரியாத டீசல் கரும்புகையாகத்தான் வரும். மேலே ஓடுகிற வண்டிக்கு மேலே வைத்துத்தான் பம்ப் டியூனிங் பார்க்க வேண்டும், புகையும் அங்கேயே பார்ப்பதுதான் நியாயம்.

2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் ரகங்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 5,000-லிருந்து 10,000 ரூபாய் ஆகிவிட்டது. கொடுக்கிறோம். அந்தப் பத்தாயிரத்துக்கு வண்டியை ஒரு முறை குழியில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள் என்று கேட்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன். எந்த மாற்றம் கூடும், எது கூடாது, எதற்கு முன்அனுமதி என்று தமிழில் ஒரு பட்டியல் அடித்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஆளுக்கொரு சட்டம் பேசுகிற புரோக்கர்களுக்குப் பாதி வேலை போய்விடும். முடிந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை மலையிலேயே ஒரு முகாம் போடுங்கள். லேத் பட்டறைகளில் குழி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, ஏற்றம் இறக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. தேதி மட்டும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டாம், காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் ஒரு ஜீப்பும் பட்டறைப் பக்கம் வராது. மே மாதம் சுற்றுலாக் கூட்டத்தில் நீங்களே மேலே வந்து சேர முடியாது. பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் சரியாக இருக்கும், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் பிரேக் வேலையை முடித்துக்கொள்ள எங்களுக்கும் நேரம் கிடைக்கும்.