பால்டிமோரில் இருக்கும் பாப்பாவுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

நீ அனுப்பிய கல்லறைப் படம் வந்தது. "அப்பா, உங்க பிஷப் ஆஸ்பரி எங்க ஊர்லதான் படுத்திருக்கார், ஃபிரெடெரிக் அவென்யூல" என்று எழுதி, அதன் கீழே ஒரு வரி: "இவர் நல்லவரா?" அன்றைக்கு போனில் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் தட்டுகிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

உங்களுக்கெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் நான் சொன்னது குதிரைக் கதை மட்டும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் கொல்லுப்பட்டறையில் வேலை பழகிய பையன் பிரான்சிஸ் ஆஸ்பரி. 1771இல், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி "அமெரிக்காவுக்கு யார் போவீர்கள்?" என்று கேட்டபோது எழுந்து நின்றான். அப்போது வயது 26 நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கையில் காசில்லை, படுக்கையில்லை. கப்பலில் இரண்டு கம்பளியோடு பலகைமேல் படுத்துப் போனான். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் குதிரைமேல்தான். மொத்தம் 2,70,000 மைல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். சொந்த வீடு கிடையாது. முதலில் வருஷத்துக்கு 64 டாலர், பிறகு 80. கடைசிப் பிரசங்கிக்கும் அதே சம்பளம், பேராயருக்கும் அதே சம்பளம். அவர் வந்தபோது சில நூறு பேராக இருந்த மெத்தடிஸ்டுகள், 1816இல் அவர் சாகும்போது 2 லட்சத்துக்கும் மேல்.

இதையெல்லாம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அப்போதெல்லாம் நீ முன்பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய். ஏனென்று இப்போது தெரிகிறது. பிரசங்கி ஓரிடத்தில் வேர்விடக் கூடாது, மாநாடு கூடி பேராயர் நியமனம் வாசித்தால் மூட்டையைக் கட்ட வேண்டும் என்கிற பழக்கத்தை வெஸ்லியிடமிருந்து வாங்கி, அமெரிக்காவில் இறுக்கிப் பிடித்தவர் இவர். அந்தப் பட்டியலில்தான் நீ ஆறு பள்ளிக்கூடம் மாறினாய். பிரசங்கிகள் கல்யாணம் கட்டுவதும் ஆஸ்பரிக்குப் பிடிக்காது, அவரும் கட்டவில்லை. "அவருக்கென்ன, பீரோவை லாரியில ஏத்துறவளுக்குத்தானே தெரியும்" என்கிறாள் உங்கம்மா, அடுப்படியிலிருந்து.

வயதான பிறகு எனக்கு அந்தக் குதிரையைவிட அவருடைய தாயார்தான் அதிகம் ஞாபகத்துக்கு வருகிறார். எலிசபெத். மூத்த பெண் குழந்தை சின்னதிலேயே செத்துப்போய், மிஞ்சியது இந்த ஒரு பிள்ளை. கப்பலேறினவன் திரும்பி வரவே இல்லை. கடுதாசியும் பணமும் வந்தன. ஒரு கடுதாசியில், என் கடிகாரத்தையும் புத்தகங்களையும் விற்றுவிட்டேன், நீங்கள் குறைவுபடுவதற்கு முன் என் சட்டைகளையும் விற்பேன் என்று எழுதியிருக்கிறார். படிக்கிறபோது கண் கலங்குகிறதுதான். ஆனால் அந்தத் தாய்க்குச் சட்டையா வேண்டியிருந்தது? 1802 ஜனவரியில் அவர் இறந்தார். சேதி மகனுக்கு எட்டியது ஏப்ரலில், நீ இருக்கிற அதே பால்டிமோரில். பயப்படாதே, உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீதான் வாராவாரம் வீடியோவில் வருகிறாயே.

பேராயரானதும் உங்கள் ஊரில்தான். 1784 கிறிஸ்துமஸ் சமயம், லவ்லி லேன் சிற்றாலயம். மாநாட்டுக்காகக் குளிருக்கு ஓர் அடுப்பு வைத்து, சில பெஞ்சுகளுக்குச் சாய்மானம் அடித்தார்களாம். வெஸ்லி ஆள் அனுப்பி நியமித்தும், "பிரசங்கிகள் ஓட்டுப் போடாமல் ஏற்க மாட்டேன்" என்றார் ஆஸ்பரி. அடுத்தடுத்து மூன்றே நாளில் உதவிக்காரர், மூப்பர், மேற்பார்வையாளர். கொஞ்ச வருஷத்தில் மேற்பார்வையாளர் என்பது பிஷப் ஆகிவிட்டது. கிழவர் வெஸ்லிக்குக் கோபம். என்னை அயோக்கியன், முட்டாள் என்று கூப்பிட்டாலும் கூப்பிடட்டும், பிஷப் என்று கூப்பிட மட்டும் சம்மதிக்க மாட்டேன் என்று 1788இல் சுடச்சுட எழுதினார். நம் வேதத்தில் அந்தப் பதவிக்குக் கண்காணி என்றே போட்டிருக்கிறது. தோட்டத்துக் கண்காணியும் அதே சொல்தான். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது: ஆட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், முதலாளிக்கும் பதில் சொல்ல வேண்டும், நடுவில் எந்தப் பக்கம் சாய்வது என்பதுதான் சிக்கல்.

உன் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

அதே 1784 மாநாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமை வைத்திருக்கும் மெத்தடிஸ்டுகள் அவர்களை விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையேல் சபையில் இடமில்லை. மறு வருஷம் மே மாதம் ஆஸ்பரியும், வெஸ்லி அனுப்பிய அந்த ஆளான டாக்டர் கோக்கும் மவுண்ட் வெர்னன் பண்ணை வீட்டுக்கே போய், அடிமைகளை விடுவிக்கக் கோரும் மனுவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் விருந்து கொடுத்தார், நல்ல வார்த்தை சொன்னார், கையெழுத்து மட்டும் போடவில்லை. பண்ணைக்காரர்கள் கொதித்ததில், சபை போட்ட சட்டமும் ஆறு மாதத்துக்குள் கிடப்பில் போய்விட்டது.

ஆஸ்பரி அடிமை வைத்தவர் இல்லை. ஹாரி ஹோசியர் என்கிற கறுப்பினப் பிரசங்கியைக் கூடவே கூட்டிப்போனார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஹாரியின் பிரசங்கத்தைக் கேட்கத்தான் பல இடங்களில் கூட்டம் சேர்ந்தது. அடிமையாயிருந்து தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட ரிச்சர்ட் ஆலன் பிலடெல்பியாவில் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கியபோது, 1794இல் பிரதிஷ்டை செய்தது ஆஸ்பரி. 1799இல் ஆலனுக்கு உதவிக்காரராக அபிஷேகம் கொடுத்ததும் அவரே.

அதே மனிதர் 1808இல் என்ன செய்தார் தெரியுமா? சபை ஒழுங்குப் புத்தகத்தில் அடிமைத்தனத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டு, தென் கரோலினாவுக்கென்று 1,000 பிரதி தனியாக அச்சடிக்கச் சொன்னார். தெற்கே கதவு அடைபட்டுவிடக் கூடாது, அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்லவாவது எஜமான்கள் விட வேண்டும் என்பது அவருடைய நியாயம். இரவெல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பார். ஆனாலும் பாப்பா, அந்த 1,000 புத்தகத்தையும் பிரித்த எஜமானுக்கு, தன்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையே என்று எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

இதை நான் பெரிய நீதிபதி மாதிரி சொல்வதாக நினைக்காதே. உனக்கு அப்போது பதினாலு வயது. நாம் இருந்த மூன்றாவது ஊர், வேப்பமரத்துப் பார்சனேஜ். அந்தச் சபையில் சில குடும்பங்கள் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். திருவிருந்துக்கும் கடைசியாகத்தான் எழுந்து வருவார்கள். யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, "பட்சபாதத்தோடே பற்றிக்கொள்ளாதிருப்பீர்களாக" என்கிற வசனத்தின் மேல் பிரசங்கம் எழுதினேன். என் கிறுக்கலை நீதான் வழக்கம்போல் அழகாகப் பிரதியெடுத்தாய். சனிக்கிழமை ராத்திரி நாலு பெரியவர்கள் வந்து காபி குடித்துவிட்டு, "ஐயா, கூரை வேலை முடியட்டும், அதுக்கப்புறம் பேசுங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் போனதும் நான் நீலப் பேனாவை எடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டில் நீ கேட்டாய்: "மூணாவது பக்கத்தை ஏன்ப்பா வாசிக்கல?" "சாப்பிடு" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. பிரதியெடுக்கவும் அதற்குப் பிறகு வரவில்லை, பரீட்சை என்று சொல்லிவிட்டாய்.

கூரை முடிந்தது. நல்ல கூரை. அடுத்த மாநாட்டில் எனக்கு மாறுதல் வந்தது. அந்தப் பக்கத்தை எந்த ஊரிலும் நான் வாசிக்கவில்லை.

ஆஸ்பரி 1816 மார்ச் 31இல் வர்ஜீனியாவில் இறந்தார். போகிற வழியில் ரிச்மண்டில் அவரைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துத்தான் கடைசிப் பிரசங்கம். பத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருக்கும், பிலடெல்பியாவில் ஆலனும் கூட்டாளிகளும் தங்களுக்கென்று தனிச் சபை கட்டி, ஆலனைப் பேராயராக்கிவிட்டார்கள். ஆலனுடைய கல்லறை அந்தப் பெத்தேல் ஆலயத்துக்கு அடியிலேயே இருக்கிறதாம்.

மே மாதம் நாங்கள் வரும்போது என்னை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போ. ஃபிரெடெரிக் அவென்யூவுக்கு அப்புறம் போகலாம். ரொம்ப தூரமென்றால் ரயிலில் போவோம், உனக்கு லீவு கிடைக்காவிட்டால் மாப்பிள்ளையைக் கேட்கிறேன்.

போன வாரம் ட்ரங்குப் பெட்டியைக் குடைந்ததில் அந்தப் பிரசங்கம் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து உன்னுடையது. நீலக் கோடு என்னுடையது.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். சின்னவனுக்குக் காலில் என்ன அளவு என்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் எழுது.

அன்புள்ள
அப்பா