காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிகிறது. விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் விடைத்தாள்கள் கைக்கு வரும். குறுவட்டப் போட்டிகளில் கபடி, கோ-கோ அணிகள் நன்றாக விளையாடின. கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வழக்கம்போல நடக்கிறது. கழிப்பறைக் குழாய்களும் சரிசெய்யப்பட்டுவிட்டன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவினர் ஜூலைக் கடைசியில் 10 நாள் உள்ளுறைப் பயிற்சிக்கு (இன்டர்ன்ஷிப்) போய்வந்தது உங்களுக்குத் தெரியும். செவிலியப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் நல்ல பெயர். கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் படிப்பவர்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனார்கள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஆடிட்டர் என் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போனை மேசைமேல் வைத்து ஒரு ரீல்ஸை ஓடவிட்டார். 18 விநாடி. சினிமாப் பாட்டு, சுழல் நாற்காலியில் ஒரு சுற்று, 'ஆபீஸ்ல முதல் நாள்' என்று எழுத்து. நம் மாணவர்தான். பின்னால் விரித்துக் கிடந்த ஃபைலில் ஒரு கடைக்காரரின் பெயரும் பான் எண்ணும் ஆண்டு வருமானமும் பளிச்சென்று தெரிந்தன. கடைக்காரரின் மைத்துனர் கண்ணில் அது பட்டுவிட்டது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆடிட்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஆடிட்டர்களுக்கான 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி, வாடிக்கையாளரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே விடுவது தொழில்முறைத் தவறு. புகார் போனால் பதில் சொல்ல வேண்டியவர், காசு வாங்காமல் நம் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த அந்த மனிதர். சொல்லச் சங்கடமாக இருக்கிறது: அந்த வீடியோவைப் பெருமையோடு ஸ்டேட்டஸில் வைத்தவர்களில் பெற்றோரும் உண்டு.

இன்னும் இரண்டொன்று. 10 மணிக்கு வர வேண்டியவர் 10.40க்கு 'சார் லேட்டாகும்' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஒரு தந்தை நேராக ஆடிட்டருக்கே போன் போட்டு, 'என் பையனை டீ வாங்க அனுப்பாதீங்க' என்று கோபப்பட்டிருக்கிறார். அவர் சொன்னதில் தவறில்லை. டீ வாங்கவா பிள்ளைகளை அனுப்புகிறோம்? அதை எங்கள் தொழிற்கல்வி ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் அன்றே பேசி முடித்திருப்போம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில், நான்கு வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வந்த போன் அது.

பெரியவர்களைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி நிற்கச் சொல்லி நாங்கள் பழக்கவில்லை. அதே அலுவலகத்தில் நம் மாணவி ஒருவர் சந்தேகங்களையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிவைத்து, மாலை நான்கு மணிக்கு, 'சார், இப்போ கேட்கலாமா?' என்று மொத்தமாகக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஆடிட்டர் சிரித்துக்கொண்டே பேசினார்.

அடுத்து 11ஆம் வகுப்பினர் பயிற்சிக்குப் போகிறார்கள். பயிற்சி இடத்தில் போன் அணைக்கப்பட்டுப் பைக்குள் இருக்க வேண்டும். அங்கே படமோ வீடியோவோ எடுப்பவர் அன்றே திருப்பி அழைக்கப்படுவார். பயிற்சிச் சான்றிதழ் கிடைக்காது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டோம். சிபாரிசுக்கு யாரையும் அழைத்துவர வேண்டாம்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். இருக்கட்டும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, பேருந்து ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடியவர்கள் நீங்கள். நீங்கள் இல்லாமல் இந்தப் பயிற்சி நடந்திருக்காது. அதற்கு மனமார்ந்த நன்றி. சம்பந்தப்பட்ட மாணவரும் அவர் தாயாரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். ஆடிட்டர் இந்த முறை இரண்டு பேரை மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

11ஆம் வகுப்புத் தொழிற்கல்விப் பெற்றோர் மட்டும் கீழேயுள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகள் போடும் கையெழுத்து எங்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்