மூன்று நட்சத்திரம் பெற்ற பையனைப் பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். ஒஹையோவில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, கல்லூரிக்குப் போகவிருக்கும் பள்ளி ஆட்டக்காரர்களை ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் கணக்கில் மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது என்றும், அந்த வீடே வாடிக் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். "பின்னாளில் பெரிய ஆட்டக்காரரான ஜே. ஜே. வாட்டுக்கே இரண்டுதானே கொடுத்தார்கள், இந்தக் கணக்கெல்லாம் வெறும் வியாபாரம்" என்று அவனைத் தேற்றினீர்களாம். தேற்றியது நல்லது. சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படி மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் தளம் ஆண்டுதோறும் சுமார் 32 பேருக்கே ஐந்து நட்சத்திரம் தருகிறது. தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை வைத்து வகுத்த அளவு அது. மூன்று நட்சத்திரக்காரர்களோ ஆயிரத்துக்கும் மேல். முன்னவர்களில் பாதிப் பேரும், பின்னவர்கள் 1,500 பேர் என்றால் அவர்களில் நூற்றுக்கு ஆறு பேரும் டிராஃப்டில் தேர்வாவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: அங்கே 16 பேர், இங்கே 90 பேர். மூன்று நட்சத்திரக்காரர்களே எங்கும் நிறைந்திருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் தனி ஒருவனுக்குள்ள வாய்ப்பு ஐந்து நட்சத்திரக்காரனுக்கே பல மடங்கு அதிகம். கல்லூரி அணிகளிலும் இதே கதைதான். முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்வது அரிது.

வாட்டின் கதையையும் சற்று நெருங்கிப் பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்துப் பள்ளியில் அவர் தடுப்பாட்டத்தோடு, பந்தைப் பிடித்து முன்னேறும் தாக்குதல் பக்க இடமான டைட் எண்டிலும் ஆடினார். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது டைட் எண்டாகத்தான். அங்கிருந்து விலகி ஊர் திரும்பி, வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்து, உதவித்தொகை ஏதுமின்றி விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் சேர்ந்த பிறகே அவர் முழுமையாகத் தடுப்பாட்டத்துக்கு மாறினார். 2011 டிராஃப்டில் 11ஆவதாகத் தேர்வாகி, 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வென்றவர், அந்த இரண்டு நட்சத்திரங்களைப் பெற்ற டைட் எண்ட் அல்லர். உடலும் ஆடும் இடமும் மாறிய வேறோர் ஆட்டக்காரர். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்காத, பின்னாளில் என்எஃப்எல்லில் பெயர் பெற்ற ஜாஷ் ஆலனும் ரீட்லி கல்லூரி, வயோமிங் பல்கலைக்கழகம் வழியாக 2018 டிராஃப்டில் ஏழாவதாகத் தேர்வானார். பதினாறு, பதினேழு வயதில் எடுத்த அளவு, இனி வளரப்போகும் உடலைப் பற்றி ஓரளவுக்குத்தான் சொல்லும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. கால்பந்தில் பெயர்பெற்ற அலபாமா போன்ற பல்கலைக்கழகம் ஒரு பையனை அழைத்த பின் அவனுடைய நட்சத்திரம் கூடுவதும் உண்டு. அப்படிக் கூடும்போது அந்த மதிப்பீடு அவன் ஆட்டத்தைச் சொல்கிறதா, அழைத்தவர்களின் பெயரைச் சொல்கிறதா என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. பெரிய பயிற்சி முகாம்களுக்குப் போக வசதியில்லாத சிற்றூர்ப் பையன்கள் இதில்தான் பின்தங்கிப் போகிறார்கள்.

ஆகவே அந்தப் பையனிடம் வாட்டைப் பற்றிப் பேசுவதைவிட, அவனை அழைக்கும் ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: என்னை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறீர்கள்? அந்த இடத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கிடைக்கும் பதில்களை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்