மழையை மில்லிமீட்டரில் போடுகிறீர்கள், வெயிலையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூரை சோலார் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், விண்ணப்பிக்கும் முறை, வங்கிக் கடன் என எல்லாம் தெளிவாக இருந்தன. எந்த பேனல் வாங்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்திகூட இருந்தது. ஆனால் 'வருடத்துக்கு இத்தனை யூனிட் வரும்' என்று விற்பவர் எழுதிக் கொடுக்கிறாரே, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த எண்ணைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சிறு ஒப்பந்ததாரர்களுக்கு சோலார் டிசைன் போட்டுத் தருகிறேன். மொட்டைமாடியின் அளவு, பேனலின் சாய்வு, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல், இன்வர்ட்டர் மாடல் எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றுவோம். எங்கள் தொழிலில் அதிகம் புழங்குவது ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பிறந்த பிவிசிஸ்ட். அமெரிக்காவின் 'சாம்' இலவசமாகவே கிடைக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு வெதர் ஃபைல் கொடுக்காமல் அது நகராது. வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் வெயில், காற்றின் வெப்பநிலை, காற்று வேகம் வரிசையாக எழுதப்பட்ட கோப்பு அது. பேனலின் திறனில் அரை சதவீதத்துக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தக் கோப்பை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்பதே இல்லை. இத்தனைக்கும் இரண்டு தரவு மூலங்களுக்கு நடுவே ஐந்து சதவீத வித்தியாசம் சர்வ சாதாரணம்.

"அக்கா, நம்பர் கம்மியா இருக்கே. போட்டிக்கு நிக்கறவன் 1,55,000 போட்டிருக்கான். வேற ஃபைல் இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்களேன்." ஒப்பந்ததாரர் ஒருவரிடமிருந்து இப்படி ஒரு போன் வராத மாதம் குறைவு. 100 கிலோவாட் ஆலைக்கு நான் 1,45,000 யூனிட் காட்டியிருப்பேன். இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் விசேஷம். நான்கைந்து உண்மையான கோப்புகளில் எது அதிகம் காட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10,000 யூனிட் என்பது வருடத்துக்கு 70,000 ரூபாய். கடன் கட்டும் ஆலைக்காரருக்கு அது சின்னத் தொகையா?

தென்காசிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கதையைச் சொல்கிறேன். டிசைன் வேறொருவர் போட்டது. முதல் வருடம் ஆனி, ஆடியில் உற்பத்தி படுத்துவிட்டது. அதே அளவு பேனல் கங்கைகொண்டானில் போட்டிருந்த மச்சினருக்கு அந்த மாதங்களில் நன்றாகவே ஓடியிருக்கிறது. "எனக்கு மட்டும் டூப்ளிகேட் பேனல் கொடுத்துட்டாங்களோ?" என்று சந்தேகப்பட்டு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பேனலில் குறை ஒன்றும் இல்லை. வெதர் ஃபைல்தான் நாசாவின் பழைய எஸ்எஸ்இ தரவு. 1983 முதல் 2005 வரையிலான செயற்கைக்கோள் கணக்கு. ஒரு பாகைக்கு ஒரு பாகை கட்டம், அதாவது ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் அகலம். தென்காசி, மாஞ்சோலை, திருநெல்வேலி மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடும் அளவுக்குப் பெரியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் இறங்கி நிற்கும். ஆலங்குளம் தாண்டினால் காற்று மட்டும்தான், தலைக்கு மேல் வெயில். அறுபது கிலோமீட்டருக்குள் இரண்டு வேறு வானம். இதைச் சராசரி போட்டால் வருகிற எண் தென்காசிக்கும் பொருந்தாது, திருநெல்வேலிக்கும் பொருந்தாது. வெப்பநிலையும் அப்படித்தான். பெரிய கட்டத்தின் சராசரி உயரத்தில் மலையும் சேர்ந்துவிடுவதால், சமவெளியில் இருக்கும் ஆலைக்கு மூன்று டிகிரி வரைகூடக் குறைவாகக் காட்டலாம். பேனல் சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும் என்பதால், அங்கேயே ஒரு சதவீதம் வரை பொய்யாகக் கூடிவிடுகிறது. நாசா தரவு கெட்டது என்று சொல்ல வரவில்லை. ராமநாதபுரம் மாதிரி தட்டையான, ஒரே சீரான நிலத்துக்கு அது இவ்வளவு ஏமாற்றாது. மலையடிவாரத்துக்கு ஆகாது.

பிவிசிஸ்ட் அறிக்கை கையில் இருப்பவர்கள் முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 'மீட்டியோனார்ம் 8.0 (1996-2015), சாட்=100%, சிந்தெட்டிக்' என்பது போல ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். மீட்டியோனார்ம் என்பது தரவு எடுத்த மூலம். 1996-2015 என்பது கணக்கில் எடுத்த வருடங்கள். 'சாட்=100%' என்றால் அந்த இடத்தின் வெயில் முழுக்க முழுக்கச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணித்தது, அருகில் தரையில் அளந்த கருவி எதுவும் சேரவில்லை என்று பொருள். 'சிந்தெட்டிக்' இன்னும் சுவாரசியம். மூலத்தில் இருப்பது பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு சராசரி எண்கள்தான். அதிலிருந்து 8,760 மணி நேரத்தையும் மென்பொருள் புள்ளியியல் முறையில் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எந்த நாள் மேகம், எந்த நாள் தெளிவு என்பதெல்லாம் அதன் கற்பனை, மாத மொத்தம் மட்டும் சரியாக வரும். வருட மொத்தம் பார்க்க அது போதும். அந்தக் கற்பனை வருடத்துக்கு 1990 என்று பெயரிடுவது பிவிசிஸ்டின் வழக்கம். "என்னம்மா, முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தின வெயிலைப் போட்டிருக்கீங்க?" என்று கேட்ட வங்கி மேலாளரை நான் குறை சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் அவர் அந்தப் பக்கம் வரை படித்திருக்கிறார்.

மணிக்கணக்கில் உண்மையான தரவு வேண்டுமானால் அதுவும் கிடைக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் இணையதளம் இலவசம். அமெரிக்காவின் என்எஸ்ஆர்டிபி தரவுத்தளத்தில் தெற்காசியாவுக்கு 2000 முதல் 2014 வரையிலான தொகுப்பு ஒன்று பத்து கிலோமீட்டர் கட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கேதான் கடிகாரம் காலை வாரும். பிவிஜிஐஎஸ் நேரம் கிரீன்விச் நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கோப்போ முழு மணிக் கணக்கில் இருக்கிறது. அந்த அரை மணியை விட்டுவிட்டு ஐந்து என்று போட்டால், ஏழு மணி வெயில் ஆறரை மணிச் சூரியன் தலையில் ஏறி உட்காரும். தாழ்வாக இருக்கும் சூரியனிலிருந்து அவ்வளவு வெளிச்சமா என்று மென்பொருள் குழம்பி, கிழக்குப் பார்த்த பேனலுக்கு அள்ளிக் கொடுக்கும். எச்சரிக்கைச் செய்தி வரும். அதை மூடிவிட்டு மேலே போகிறவர்கள் உண்டு.

நான் சரிபார்ப்பது இப்படி. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, திருநெல்வேலி இருப்பது 77.7-இல். ஆகவே நமக்கு உச்சி வெயில் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு வராது, சராசரியாக 12.19-க்கு வரும். பிப்ரவரி நடுவில் அது 12.33 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே வந்துவிடும். கோப்பிலிருந்து பிப்ரவரியில் மேகமில்லாத ஒரு நாளை எடுத்து வரைபடம் போட்டால், மலை போல ஏறி இறங்கும் கோட்டின் நடு அந்த 12.33-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றால் கோப்பு தவறு. இரவில் பூஜ்யத்துக்கு மேல் வெயில் காட்டினாலும் தவறு. சில மூலங்கள் கிலோவாட் மணியில் தராமல் மெகாஜூலில் தரும். 3.6-ஆல் வகுக்காமல் ஏற்றினால் நெல்லைக்கு மூன்று சூரியன் உதித்த கணக்கு வரும், அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். லீப் வருடத்தின் பிப்ரவரி 29 உள்ளே இருந்தால் 8,784 வரி ஆகி, மார்ச்சிலிருந்து எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும். இவ்வளவும் பார்த்துச் சரி செய்த கோப்புக்கு 'டிவிஎல்_ஃபைனல்_நியூ2' என்று பெயர் வைத்துப் பென் டிரைவில் கைமாற்றுவதுதான் நடைமுறை. ஆறு மாதம் கழித்து அது எந்த மூலம், எந்த வருடங்கள் என்று வைத்தவருக்கே தெரியாது. ஊர், மூலம், வருடங்கள், பதிவிறக்கிய தேதி, இந்த நான்கும் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு வேலை தருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

'டிஎம்ஒய்' என்றொரு கோப்பும் உண்டு. பல வருடங்களை அலசி, வழக்கத்தை ஒட்டிய ஜனவரி ஒரு வருடத்திலிருந்து, பிப்ரவரி இன்னொன்றிலிருந்து என்று பொறுக்கித் தைத்த ஒட்டுப்போட்ட வருடம். மின்வாரியத்தோடு இணைந்த ஆலைக்கு இது சரிதான். பேட்டரியை மட்டும் நம்பியிருக்கும் இடத்துக்கு இதைப் போடுவது ஆபத்து. வழக்கத்தை மீறியவற்றைக் கழித்துக்கட்டுவதே அந்த முறையின் வேலை. 2015 நவம்பரில் சென்னை இருண்டு கிடந்த வாரங்கள் அதில் வராது. 2023 டிசம்பரில் நம் தாமிரபரணிக் கரை பட்ட பாடும் வராது. பேட்டரி தாங்குமா என்று தெரிய வேண்டியதே அந்த நாட்களுக்காகத்தான். அதற்கு முழு வருடங்களாகத் தொடர்ச்சியான தரவு வேண்டும், அதுவும் அண்மை வருடங்கள் வேண்டும். 2014-இல் முடியும் கோப்பில் 2023 எப்படி இருக்கும்?

இங்கேதான் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது என்று நமக்கெல்லாம் தெரியும். அளந்தார்கள், நீங்கள் அச்சிட்டீர்கள், அதனால் தெரியும். அதே நாளில் எத்தனை வெயில் விழுந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். அதிகபட்ச வெப்பநிலையை வெயில் என்று நினைத்துக்கொள்கிறோம். 38 டிகிரி என்பது காற்றின் சூடு, பேனலுக்கு வேண்டியது வேறு: ஒரு சதுர மீட்டரில் விழுந்த சூரிய ஆற்றல், கிலோவாட் மணியில். நம் பக்கம் மே மாதம்தான் அதிகம் உற்பத்தி ஆகும் என்று பலர் நம்புவதும் இந்தக் குழப்பத்தால்தான். உண்மையில் மார்ச், ஏப்ரல்தான் முந்தி நிற்கும்.

அளப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று சக்தி நிறுவனம், வெயிலை அளக்கும் நிலையங்களை 2011-லேயே நாடு முழுக்க நிறுவத் தொடங்கியது, முதல் கட்டத்தில் 51. கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் இருக்கும் பைரனோமீட்டர்தான் கருவி. அதைத் தூசி படியாமல் தினமும் துடைக்க ஒரு ஆள் வேண்டும். வானிலை ஆய்வு மையமும் பல இடங்களில் கதிர்வீச்சை அளக்கிறது. தங்கள் நிருபர்கள் இவர்களிடம் கேட்டு, நேற்றைய எண்ணை மழை அளவுக்குப் பக்கத்தில் போட்டால் என்ன?

போட்டால் வீட்டுக்காரருக்கு உடனே பயன் உண்டு. நேற்றைய எண் 5 என்று வைத்துக்கொள்வோம். மாடியில் மூன்று கிலோவாட். மூன்றை ஐந்தால் பெருக்கினால் 15. சூடு, தூசி, கம்பி இழப்பு போக அதில் முக்கால் பங்கு, பதினொரு யூனிட்டாவது வந்திருக்க வேண்டும். இன்வர்ட்டர் ஆப் எட்டு என்று காட்டினால் விற்றவரைக் கூப்பிடலாம். "நேத்து மேகம் சார்" என்று அவர் தப்பிக்க முடியாது. வருடம் முழுக்கக் குறித்துவைத்தால், அறிக்கையில் போட்ட வெதர் ஃபைலுக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதும் வெளிச்சமாகிவிடும். எந்த ஃபைல் கூடுதலாகக் காட்டும் என்று என்னிடம் கேட்கிற போன்களும் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

வங்கிகளும் கடன் தரும் முன் இரண்டே கேள்வி கேட்கலாம்: எந்த மூலம், எந்த வருடங்கள். இன்னொரு மூலத்தை வைத்து ஓட்டினால் எவ்வளவு வருகிறது என்று பக்கத்தில் எழுதச் சொல்லலாம். பிவிசிஸ்டில் கோப்பை மாற்றி மறுபடி ஓட்டப் பத்து நிமிடம் ஆகாது.

ஒன்றே ஒன்று. வெளியிடுவதாக இருந்தால் 'நெல்லை' என்று ஒற்றை எண்ணாகப் போட்டுவிடாதீர்கள். தென்காசிக்குத் தனியாக, திருநெல்வேலிக்குத் தனியாக, முடிந்தால் தூத்துக்குடிக்கும் தனியாக வேண்டும். ஆனி, ஆடியில் முதல் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், அரிசி ஆலைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
சோலார் வடிவமைப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.